வடிகால் டிவி இல்லாத எட்டு நாள்

செம்பு பறந்து போய் டிவியின் நட்டநடுவில் விழுந்தபோது, திரைக்குள்ளே அந்த உருவம் இன்னும் சாகவில்லை. கொதிக்கிற சோற்றுப் பானைக்குள் அதன் தலையை இன்னொரு உருவம் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தது. வெளியே கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டு கிடந்தன.

"போதும்! நிறுத்துடா! அவளை விட்டுர்றா டேய்!"

கத்தியவர் பூபதி. செம்பை எறிந்தவரும் அவர்தான். அந்த 'டேய்' யாருக்கு என்று கேட்டால், தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. கண்ணாடி நட்சத்திரம் போலக் கீறிக்கொண்டது. பானை, கை, கால் எல்லாம் ஒரு நொடி பச்சையாய் மின்னி அணைந்தன.

கோகிலா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். தும்மல் வந்து பாதியில் நின்றுபோனால் மூக்கு ஒரு மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது அவளுக்கு.

"கோகிலா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னங்க ஆகுது? டிவிக்குத்தான் ஆயிருக்குது."

"பாக்க முடியலெ. பதினொரு வருசம் பாத்துட்டேன். இன்னிக்கு அந்தத் தலை உன்ற தலையாட்டமே இருந்துச்சு."

"அதுக்கு மூஞ்சியே கெடையாதுங்க. வெறும் களிமண் உருண்டை."

"களிமண்ணா இருந்தா என்ன? அமுக்கறது நாந்தானே?"

உள்ளறைக் கதவு திறந்தது. பதினேழு வயது மகள் தாரிகா எட்டிப் பார்த்தாள்.

"ஒடஞ்சுதா? நெசமாலுமே ஒடஞ்சுதா?"

"என்னடி, சந்தோசமா இருக்குதா உனக்கு?"

"ஏம்மா, ஊருல எல்லாரு வூட்டு டிவிலயும் பாட்டு பாடுது. நம்ம வூட்டுல தெனம் ஆறரைல இருந்து ஏழேகால் வரைக்கும் கொலை. நான் பத்தாவது பரீட்சைக்குப் படிச்சதே அந்தச் சத்தத்துலதான். எலும்பு ஒடையற சத்தமும் தேங்கா ஒடையற சத்தமும் வேற வேறன்னு எனக்குத் தெரியும். என் கூடப் படிக்கறவளுக ஒருத்திக்கும் தெரியாது."

பூபதி மகளின் முகத்தைப் பார்க்காமல், தரையில் உருண்ட செம்பை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர் அவர். இருபத்தைந்து வருட வேலை. இரும்பும் இரும்பும் ஒட்டும்படி நெருப்பு வைப்பதில் அவர் கை சுத்தம் என்று பட்டறையே சொல்லும். அதே கைதான் பதினொரு வருடத்துக்கு முன்னால், ரசத்தில் உப்புக் கூடிய ஒரு மத்தியானம், கோகிலாவின் இடது மணிக்கட்டைப் பிடித்து மேடைக் கல்லின் விளிம்பில் வைத்து, விறகை ஒடிக்கிற மாதிரி ஒடித்தது. அதற்கு முன்னால் ஒடியாமல் வலித்த நாட்களுக்குக் கணக்கில்லை.

அன்றைக்கு அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். கோர்ட்டில் இருந்த ஜட்ஜ் அம்மா பூபதியிடம் கேட்டார்: "ஜெயிலா, வடிகால் டிவியா?" அப்போது புதிதாக வந்திருந்த சட்டம் அது. டிவியின் கண் ஆளைப் பார்க்கும். உள்ளே இருக்கிற கோபத்தை உறிஞ்சி, அந்தக் கோபம் என்ன செய்ய நினைத்ததோ அதைத் திரையில் களிமண் உருவங்களை வைத்துச் செய்து காட்டிவிடும். ஆண் உருவம் பெண் உருவம் என்று பிரிக்கக் கூடாது, முகம் வைக்கக் கூடாது என்பது சட்டம். முடிந்ததும், நிஜமாகவே செய்து முடித்துவிட்டதாக மனசு நம்பிக்கொண்டு அடங்கிவிடும். தினம் முக்கால் மணி நேரம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டும். பதினெட்டு வயசுக்குக் கீழ் இருப்பவர்கள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

பூபதி டிவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கை கோகிலாவின் மேல் விழவே இல்லை.

ஆனால் டிவி அணைந்ததும் பூபதிக்குச் சோறு இறங்காது. வட்டலில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் போய், பாத்திரத்தை எல்லாம் அவரே கழுவிக் கவிழ்ப்பார். கோகிலாவுக்கோ நல்ல பசி எடுக்கும். படுத்ததும் தூங்கிவிடுவாள். இன்றைக்கும் பிழைத்தோம் என்ற நிம்மதிதான் பசியாக வருகிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு பெண்.

"என் பேரு ரெஜினா, அக்கா. உங்க ஏரியாவுக்கு நான்தான் மெக்கானிக். எத்தனை வருஷமா ஓடுது?"

"பதினொண்ணு."

"நடுவுல அடி, உதை?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப உங்களுக்குக் கட்டாயம் இல்லக்கா. பத்து வருஷம் சுத்தமா போச்சுன்னா வீட்டுக்காரங்க இஷ்டம். புதுசு வேணுமா, வேண்டாமா? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பதில் சொல்லணும். எட்டாம் நாள் நான் வர்றேன், அதுக்குள்ள பேசி வைங்க."

"எட்டு நாள் டிவி இல்லாம இருக்கறதுங்களா?"

"இருந்து பாருங்களேன். வேணுமா வேண்டாமான்னு அந்த எட்டு நாளே சொல்லிரும்."

போனை வைத்த கையோடு கோகிலா செய்த முதல் வேலை, அரிவாள்மனையை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்தது. கத்தி இரண்டையும் துணியில் சுற்றி அங்கேயே செருகினாள். உலக்கையைத் தாரிகாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"உங்கப்பாவுக்கு இனிமே வடிகால் கெடையாது. கையில கெடைக்கற எடத்துல எதுவும் இருக்கக் கூடாது."

"அப்பா என்னிக்கும்மா அரிவாள்மனையத் தொட்டாரு? அவரு காயி நறுக்கினதே இல்ல."

"திரையில பாக்கறதில்லயா நானு? அரிவாள்மனை, உலக்கை, கொதிக்கற எண்ணெ. உனக்கென்ன தெரியும்."

சாயங்காலம் பூபதி வந்ததும் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"நான் வெளிய கட்டில் போட்டுக்கறேன். கதவ உள்பக்கமாத் தாழ் போட்டுக்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"புதுசு வர்ற வரைக்கும். வேணும்னே சொல்லீரலாம் கோகிலா. என்ற கை மேல எனக்கே நம்பிக்கை இல்லெ."

"அப்பா, வேண்டாம்னு சொல்லுங்கப்பா," என்றாள் தாரிகா. "ஒரு தடவ இல்லாம இருந்து பாக்கலாம். நீங்க அப்படியில்லெ இப்போ."

"அம்மிணி, நீ உள்ளாற இருந்து சத்தந்தான் கேட்டே. நான் பாத்தவன். அந்தப் படத்துல பண்றவன் மனுசனே இல்ல சாமி."

முதல் இரண்டு நாள் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறரை மணி ஆனால் கோகிலா பழக்கத்தில் பாயை விரிப்பாள். கீறின கண்ணாடியில் அவள் முகம் ஏழெட்டுத் துண்டாகத் தெரியும். பூபதி வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால் இவள் எழுவாள். அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் இவள் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவள் அப்படியே நிற்பாள். வர வேண்டிய அடி வராமல் போனால், அதற்கும் வலிக்கும் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு எலி வந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து சமையல் மேடைக்கு ஓடியது. கோகிலா கட்டிலுக்கு அடியில் கிடந்த உலக்கையை இழுத்தாள். முதல் குத்திலேயே எலி நசுங்கிவிட்டது. இரண்டாவது குத்துக்கு வால் தனியே போனது. அப்புறம் எத்தனை என்று அவள் எண்ணவில்லை. இடது மணிக்கட்டு சுரீர் சுரீர் என்று இழுத்தது. அது இழுக்க இழுக்க வலது கை இன்னும் உயரமாகப் போய் இறங்கியது. டைல்ஸ் விரிசல்விட்டுச் சிமெண்டு தெரிந்தது.

"அம்மா."

குத்து.

"அம்மா, அது செத்து ரொம்ப நேரமாச்சு."

கோகிலா நிமிர்ந்தாள். ரவிக்கையெல்லாம் ரத்தப் புள்ளி. மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பிளேக் வந்துரும்டி. எலின்னா அப்பிடித்தான் அடிக்கோணும்," என்றாள் கோகிலா. குரல் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. அன்றைக்கு மட்டும் அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. வாராவாரம் போல அடுப்பு, ஃபிரிட்ஜ், மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். உடைந்த டிவிக்கும், மேல்சட்டத்தின் நடுவில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. இந்த டிவி வீட்டுக்கு வந்த அன்றைக்கு முதல் பொட்டு வைத்தவர் பூபதிதான். பட்டறையில் புது வெல்டிங் செட் வந்தால் எப்படி வைப்பாரோ அப்படி, கட்டை விரலால் அழுத்தி. "நம்மளை நல்லா வெச்சுரு சாமி" என்று டிவியைக் கும்பிட்டார். ஆள் சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் பூபதி வலது கையில் பெரிய கட்டோடு வந்தார்.

"என்னங்க இது?"

"பட்டறைல பட்டுருச்சு."

"அவுத்துக் காட்டுங்க, பாக்கலாம்."

"மருந்து வெச்சுக் கட்டியாச்சு. விடு."

அவள் விடவில்லை. துணியைப் பிரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே விரல் கனத்துக்கு ஒரே நேர்க்கோடு. தோல் வெந்து சுருண்டு உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. பட்ட காயத்துக்குக் கோடு இப்படி நேராக வராது. சூட்டுக் கம்பியைப் பிடித்தால்தான் வரும், அதுவும் பிடித்துக்கொண்டே நின்றால்.

"இருவத்தஞ்சு வருசம் வெல்டு வெக்கற கைக்கு எது சூடு, எது ஆறினதுன்னு தெரியாதாங்க?"

பூபதி கையை இழுக்காமல் வாசற்படியைப் பார்த்தார்.

"காலைல கெளம்பறப்ப, நீ கதவு இடுக்குல நின்னு என்ற கையையே பாத்துக்கிட்டு இருந்தே. எப்ப எந்திரிக்கும்னு. எனக்கும் அதே பயந்தான். அதான், எந்திரிக்க முடியாதபடி ஒண்ணு பண்ணிப்போட்டேன். புதுசு வர்ற வரைக்கும் தாங்கும்."

அவளுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. வெந்த அந்தக் கோட்டில் கட்டை விரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் இந்த ஆள் என்ன சத்தம் போடுவார் என்று ஒரு நினைப்பு ஓடியது. உடனே துணியைச் சுற்றிவிட்டாள்.

ஆறாம் நாள் அவளே வாயைக் கொடுத்தாள். பூபதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இடது கையால், ஸ்பூன் வைத்து.

"ரசத்துல உப்புக் கூடிப்போச்சுங்களா?"

"இல்லெ. சரியா இருக்குது."

"பொய் சொல்லாதீங்க. நான் வேணும்னே ரெண்டு கை போட்டேன்."

"இருக்கட்டும்."

"அடிங்க. அடிச்சுத்தான் பாருங்களேன். கையில்லாட்டி என்ன, காலு இருக்குதில்ல? பதினொரு வருசமாப் பாத்து வெச்சிருக்கறதெல்லாம் எப்பத்தான் பண்ணுவீங்க? எந்நேரமும் இப்படிப் பயந்துக்கிட்டே நான் எத்தனை நாளு கெடக்கறது?"

பூபதி ஸ்பூனைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கட்டுப் போட்ட கை நசுங்கியிருக்கும்; முகம் கோணியது. அவள் ரசக் குண்டாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சிவப்பாக ஒழுகிய சுவரை அவர்தான் பிறகு துடைத்தார்.

ஏழாம் நாள் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். பூபதி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். குனிந்த பொடனி அவளுக்கு நேர் கீழே இருந்தது. வேர்வையில் ஒட்டின முடி, சட்டைக் காலர், அதற்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல். எண்ணெய்ச் சட்டி அவள் கையில் இருந்தது. எப்போது அடுப்பிலிருந்து எடுத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. சட்டி சாய்ந்தது. விளிம்பில் எண்ணெய் திரண்டு ஒரு சொட்டு விழுந்தது. சட்டை பொசுங்குகிற வாசம் வந்தது.

பூபதி துள்ளினார். "ஸ்ஸ்... தெறிச்சுருச்சா?"

"ஆமாங்க. தெறிச்சுருச்சு."

"பாத்து. உன்ற மேல பட்றப் போகுது. சட்டியக் கீழ வெய்யி."

வைத்தாள். பூபதி எழுந்து பின்பக்கம் போனதும் தாரிகா வந்து பக்கத்தில் நின்றாள். மெதுவாகச் சொன்னாள்.

"தெறிக்கலெம்மா. நீ சாய்ச்சே."

"இந்த மணிக்கட்டு இருக்குதில்ல, புடி நழுவிருச்சு."

"ஒடஞ்சது இடது மணிக்கட்டும்மா. நீ புடிச்சிருந்தது வலது கையில."

கோகிலா மகளை அறைந்தாள். அறைந்த வேகத்தில் தாரிகாவின் உதடு கிழிந்தது. மகளை அவள் அடித்தது அதுவே முதல் தடவை. தாரிகா அழவில்லை, உதட்டைத் தொட்டு, விரலில் ஒட்டின ரத்தத்தைப் பார்த்தாள்.

"புதுசு வாங்கிரலாம்மா," என்றாள். "நான் வேண்டாம்னு சொன்னது தப்புதான்."

எட்டாம் நாள் காலையில் பூபதி, அலுவலகப் படிவத்தில் 'வேண்டும்' என்ற கட்டத்தில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் ரெஜினா புது டிவியோடு வந்தாள். கட்டையான உருவம், வாய் ஓயாது.

"செம்பா? பரவாயில்லக்கா. போன வாரம் ஒரு வீட்டுல ஆட்டுக்கல்லு. அதைத் தூக்கினவரு இன்னும் நிமிரலை." பழைய டிவியைச் சுவரிலிருந்து கழற்றிப் பாயில் கிடத்தினாள். மேல்சட்டத்தை விரலால் தடவியவள் நின்றாள். "இது என்னக்கா?"

"பொட்டு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெப்பேன்."

"தொடைக்கவே மாட்டீங்களா?"

"சாமி பொட்ட யாராச்சும் சொரண்டுவாங்களா? அது மேலயே வெச்சுருவேன்."

ரெஜினா திருப்புளி முனையால் நெம்பினாள். புளியங்கொட்டை கனத்துக்குச் செதில் பெயர்ந்து விழுந்தது. அதற்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி. ரெஜினா சிரித்தாள். பிறகு பழைய பெட்டியில் வயரைச் செருகி, கையில் இருந்த கணினிப் பலகையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்க உக்காருவாரு?"

"நாற்காலில. அங்க."

"நீங்க?"

"கீழ பாயில. அவரு பக்கத்துல உக்காரப் பயந்துக்கிட்டு, மொத நாளே ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அப்படியே பழகிருச்சு."

"இதுக்கு ரெண்டு கண்ணுக்கா. மேல ஒண்ணு, நாற்காலில இருக்கறவங்களுக்கு. கீழ ஒண்ணு, தரையில இருக்கறவங்களுக்கு. மேல் கண்ணு மாட்டின அன்னைக்குப் பதினாலு நிமிஷம் பாத்திருக்கு. அப்புறம் இருட்டு. பதினொரு வருஷமும் இருட்டு."

"அப்ப டிவி ஓடவே இல்லீங்களா?"

"நல்லா ஓடியிருக்கு. நாலாயிரத்துச் சொச்சம் நாள், ஒரு நாள் விடாம." ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "கீழ் கண்ணுலருந்து."

கோகிலாவுக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்ததைத் தள்ளத்தான் நேரம் பிடித்தது.

"எனக்கு என்ன கோபம்? அடி வாங்கினவளுங்க நானு. நான் ஒரு எறும்பக்கூட..."

எலியின் நினைப்பு வந்தது. வாக்கியம் பாதியில் நின்றது. அரிவாள்மனை வந்தது, உலக்கை வந்தது, சோற்றுப் பானை வந்தது. பதினொரு வருடத்தில் அந்தத் திரையில் ஒரு தடவையாவது வெல்டிங் ராடு வந்திருக்கிறதா? சுத்தியல்? இரும்புப் பட்டை? களிமண் கொலைகாரன் ஒரு நாளும் பட்டறையிலிருந்து வந்ததில்லை. சமையல் மேடையிலிருந்துதான் வந்தான். கொன்று முடித்ததும் அவளுக்குப் பசித்தது.

"அப்ப அவருகிட்ட இருந்து?"

"ஒரு சொட்டு வடியலைக்கா."

"வடியாம எப்படி இத்தனை வருசம் அடிக்காம இருந்தாரு?"

"அதை இந்தப் பெட்டி எழுதி வைக்காதுக்கா," என்றாள் ரெஜினா. "ஆனா ஒண்ணு. தினம் ஒரு ஆளை உக்கார வெச்சு, இதெல்லாம் உன் மனசுதான், பாருன்னு காட்டினா... நான்னா பைத்தியம் புடிச்சிருப்பேன்."

கோகிலா பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ரெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டணும்ங்கறது விதி. அவரு எப்ப வருவாரு?"

"நானே சொல்லிக்கறேன்."

"சொல்வீங்களா?"

கோகிலா கீழே விழுந்த பொட்டுச் செதிலைப் பொறுக்கினாள். ரெஜினா அவள் முகத்தையும், ரசக் கறை போகாத சுவரையும், விரிசல்விட்ட டைல்ஸையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். 'தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டாள். புது டிவியை மாட்டி, இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

தனியே இருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் கோகிலா ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கழுத்தில் கயிறே இல்லை என்று கட்டுத்தறி மாட்டுக்குத் தெரிந்துவிட்டால்? அந்தக் கொலையெல்லாம் நான் செய்ததில்லையா, நான் அவ்வளவு கெட்டவன் இல்லையா என்று அவர் நிமிர்ந்துவிட்டால், பழைய கையும் சேர்ந்து நிமிராதா? சொல்லாமல் விட்டால் ஒரு கஷ்டமும் இல்லை. பொட்டு இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அவளுக்கு வடியும், அவருக்கு வெட்கம். வீடு பழையபடி ஓடும். மணிக்கட்டை ஒடித்தவன் ஆயுசுக்கும் தலை குனிந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஆறு மணிக்கு பூபதி வந்தார். புது டிவியைப் பார்த்ததும் எட்டு நாளாகப் பிடித்து வைத்த மூச்சை விட்டார். நேரே சாமி அலமாரிக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

"புதுச் சாமான். பொட்டு வெக்காம எப்படி?"

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டை விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். கை எழுந்து, மேல்சட்டத்தின் நடுவுக்கு, அதே இடத்துக்குப் போனது. கோகிலா பார்த்துக்கொண்டு நின்றாள். சும்மா இருந்தால் போதும். விரல் கண்ணாடிக்கு ஒரு நூல் தூரத்தில் இருந்தபோது, கட்டுத் துணியின் விளிம்பில் மஞ்சளாய் நீர் கசிந்திருப்பது தெரிந்தது. இந்தக் கை எழுந்துவிடக் கூடாதே என்று தானே நெருப்பைப் பிடித்த கை.

"குடுங்க. நான் வெக்கறேன்."

கிண்ணத்தை வாங்கி, கீழ்ச்சட்டத்தின் வலது மூலையில், எந்தக் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் வைத்தாள்.

"நடுவுல வெக்காம மூலைல வெச்சுட்டே?"

"நடுவுல கண்ணு இருக்குதுங்க. அதும் பாக்கட்டும்."

தாரிகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூபதி நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலா பாயை விரித்தாள். ஆறரைக்குத் திரை வெளுத்தது.

இரண்டு களிமண் உருவங்கள். ஒன்று உலக்கையை எடுத்துக்கொண்டது, சொந்த வீட்டுச் சாமானை எடுக்கிற மாதிரி. கோகிலாவின் தோள் தானாகவே இளகியது. மற்றது வழக்கம் போல நின்று அடி வாங்கவில்லை. குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தது. நீளமாய், மெல்லிசாய் ஒரு கம்பி. நுனியில் நீலமாகப் பொறி பறந்தது.

வெல்டிங் ராடு.

பதினொரு வருடம் வடியாத கோபம். அது முழுக்க இப்போது இவள் மேல் இறங்கப் போகிறது. முகத்திலா, வயிற்றிலா என்று காத்திருந்தாள்.

அந்த உருவம் ராடைத் திருப்பிப் பிடித்துத் தன் உள்ளங்கையிலேயே வைத்து அழுத்தியது. களிமண் கொதித்தது. பிறகு முழங்கையில். பிறகு நெஞ்சில். நெஞ்சில் ஓட்டை விழுந்தும் எடுக்கவில்லை.

உலக்கை வைத்திருந்தது அதற்காக ஒன்றும் நிற்கவில்லை. பின்பக்கமாய் வந்து ஓங்கி, குனிந்திருந்த பொடனியில் இறக்கியது. சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மறுபடியும் ஓங்கியது.

"கோகிலா."

"என்னங்க."

"அந்த ராடு... அது என்ற ராடு."

"ஆமாங்க."

உலக்கை மூன்று தடவை ஏறி இறங்கியது.

"அப்ப அந்த உலக்கை?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "என்ற உலக்கைங்க. எப்பவுமே என்றதுதான். மொத நாள்ல இருந்து."

திரைக்குள் மண்டை பிளந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நாற்காலிக் கால் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. கோகிலா ஓரக்கண்ணால் பார்த்தாள். பூபதி நாற்காலியை அவளைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்ட அதே ஒரு முழம்.